வாயடைத்த குழல்கள்

"ஆர்கன் ரொம்ப நல்லா இருக்கும்மா. பாட மாட்டேங்குது, அவ்வளவுதான்."

முந்தின நாள் சாயங்காலம், நாற்காலியில் முழுசாக உட்காருவதற்கு முன்பே தேவாலய ஆர்கன் புதுப்பிப்புக் கமிட்டித் தலைவர் சொன்ன வார்த்தை அது.

"நல்லா இருக்குன்னா எப்படி?" என்று கேட்டாள் அண்ணி.

"பளபளன்னு இருக்கு."

"பாட மாட்டேங்குதுன்னா?"

"வாரத்துக்கு ஒரு குழல் மக்கர் பண்ணுது. புதுப்பிச்சு முடிச்சுப் பன்னெண்டு வாரம் ஆச்சு. பன்னெண்டு குழல் போயாச்சு. எவனோ வேணும்னே பண்றான். நாளைக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள இது நிக்கலைன்னா ஆர்கனைக் கழட்டிட்டு மின்சார வாத்தியம் வைக்கிறதா தீர்மானம். டைப் அடிச்சுத் தயாரா வச்சிருக்கேன்."

"நின்னுட்டா?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு இன்னும் டைப் அடிக்கலை."

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குத் தேவாலயத்தின் படி ஏறும்போது கொழுந்தனுக்கு அந்தப் பேச்சுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே அவளை அண்ணி என்று கூப்பிட்டாலும், உறவுமுறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவன் அவன் ஒருவன்தான். கீழே அண்ணனின் தையல் மெஷின் ரிப்பேர் கடை. மாடியில் அண்ணியின் துப்பறியும் நிலையம். இரண்டுக்கும் எடுபிடி அவன். வாய் அதிகம் என்று மூன்று கம்பெனிகள் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. அதே வாய்க்காகத்தான் அண்ணி வேலை கொடுத்திருந்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தால் எதிரில் இருப்பவர்கள் அவளைக் கவனிக்க மாட்டார்கள் என்பது அவள் கண்ட அனுபவம்.

"அண்ணி, ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான் மூன்றாவது படியில்.

"அதுக்குள்ளயா? இன்னும் வாசலே வரலையே."

"மின்சார வாத்தியம் விக்கிற கடை இந்த ஊர்ல ஒண்ணுதான் இருக்கு. தலைவரோட மச்சினன் கடை."

"ம்."

"என்ன அண்ணி, வெறும் 'ம்' போடறீங்க? கேஸே முடிஞ்சிடுச்சு. வாங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

"மச்சினனுக்கு நல்லது செய்யணும்னு நினைக்கிறது குற்றம்னா, உன்னை வேலைக்கு வச்சதுக்கு முதல்ல என்னைத்தான் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே நுழைந்தாள்.

தலைவர் ஆர்கனுக்கு முன்னால் கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா நிற்பதுபோல நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கூரையைத் தொடும் உயரத்தில் தங்க வண்ணம் பூசிய குழல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக எழும்பியிருந்தன. பக்கத்துச் சுவரில் ஒரு கதவளவு பித்தளைத் தகடு. புதுப்பித்தவர்கள் என்று தலைப்புப் போட்டு, பொதுக் கமிட்டி, வண்ணத் துணைக் கமிட்டி, வார்னிஷ் துணைக் கமிட்டி, திறப்பு விழாத் துணைக் கமிட்டி என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின.

"இதுல ஆர்கனை ரிப்பேர் பண்ணவர் பேர் எது?" என்று கேட்டான் கொழுந்தன்.

"சுருதிக்காரரைச் சொல்றீங்களா? அவர் பேரும் போடறதாத்தான் இருந்தது. தகட்டுல இடம் பத்தலை."

தலைவரின் பெயர் நான்கு கமிட்டிகளிலும் இருந்ததைக் கொழுந்தன் கவனித்தான். சொல்ல வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் குடை அவன் காலில் இடித்தது.

தலைவர் ஆர்கனின் நிலை அறிக்கையை எடுத்து நீட்டினார். தடிமனான புத்தகம், வழவழத் தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். கொழுந்தன் பாதிவரை புரட்டினான்.

"அண்ணி, இதுல ஆர்கன் எங்கே இருக்கு?"

"தலைவருக்குப் பின்னாடி பாரு. ஓரமாத் தெரியும்."

தலைவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். உற்சாகத்தோடு முன்வரிசையின் நடுக் குழலை விரலால் தட்டினார். "இதுக்கு எந்தத் தங்க வண்ணம்னு முடிவு பண்ணவே எங்களுக்கு அஞ்சு மாசம் ஆச்சு. இந்தக் குழலோட நாதம் இருக்கே, நெஞ்சை அப்படியே உருக்கிடும். போன ஞாயிறு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"இந்தக் குழலா?" என்றாள் அண்ணி.

"இதேதான்!"

அண்ணி குனிந்து அந்தக் குழலின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "ரொம்ப நல்ல ரசனை உங்களுக்கு" என்றாள். "நாங்க உள்ளே பார்க்கணும். தனியா."

ஆர்கனின் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு இருந்தது. மூன்றாவது குழல் கெட்டபோது அதற்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, பூட்டும் வாங்கியிருந்தார்கள். சாவி அதே கதவுக்குப் பக்கத்தில், எல்லோர் கைக்கும் எட்டும்படி ஆணியில் தொங்கியது.

உள்ளே வேறொரு உலகம் இருந்தது. வெளியே தெரிந்த தங்கம் இங்கே ஒரு பொட்டுக்கூட இல்லை. சாம்பல் நிறத்தில் நூற்றுக்கணக்கான உலோகக் குழல்கள், பென்சில் அளவிலிருந்து ஆள் உயரம் வரை, தட்டுத் தட்டாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வாய், தலையில் சுருதி கூட்டிக் குறைக்க ஒரு வளையம். தரையில் ஒரு கட்டில் அளவுக்குத் துருத்தி. மேல்தட்டுக்கு ஏற ஒரு ஏணி. துருத்தியின் தோல், மூட்டுகள், காற்றுப் பெட்டிகள் எல்லாம் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டப்பட்டிருந்தன. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் ஒருவர் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறாரே என்று கொழுந்தனுக்கே ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. ஒரே ஒரு நிமிஷம்தான்.

"தலைவரைக் கைது பண்ணிடலாமா அண்ணி?"

"முன்வரிசைக் குழலைப் பின்பக்கத்துலேர்ந்து பாரு."

பார்த்தான். தலைவரின் கண்ணில் தண்ணீர் வரவழைத்த குழல், அடியில் ஓட்டையே இல்லாமல் ஒரு மரக்கட்டையில் ஆணியடித்து நிறுத்தப்பட்டிருந்தது. காற்று போக வழி கிடையாது. அந்த வரிசை முழுக்க அப்படித்தான்.

"எல்லாம் வெறும் அலங்காரமா?"

"ஆமா. தலைவர் ஆர்கனைக் கெடுக்கணும்னு நினைச்சிருந்தா இந்தத் தங்கக் குழலைத்தான் கெடுத்திருப்பாரு. கெட்டுப்போன பன்னெண்டும் இங்கே உள்ளே இருக்கிறது. இது எதுன்னே தெரியாத மனுஷன் இதை எப்படிக் கெடுப்பாரு? பாவம், அவர் நிரபராதி."

"ஒரு மனுஷனை இவ்வளவு கேவலமா விடுதலை பண்ணி நான் பார்த்ததில்லை."

அண்ணி அதற்குள் கதவைச் சாத்தி அதன் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு முழுக்கப் பென்சிலால் பொடி எழுத்து. சுருதிக்காரர்களின் வழக்கம் அது. வந்த நாள், வானிலை, செய்த வேலை எல்லாவற்றையும் ஆர்கனுக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். தலைவரின் வழவழப் புத்தகத்தில் இல்லாத நிலை அறிக்கை இங்கே இருந்தது. கொழுந்தன் உரக்கப் படித்தான்.

"'மழை. கீழ்த்தட்டு, முன்பக்கம், எட்டாவது குழல். வாயில் காகிதம். எடுத்தாயிற்று. கட்டைப் பக்கம் இருமல்.' அடுத்த வாரம். 'வெயில். மேல்தட்டு, பின்வரிசை, மூன்றாவது குழல். தலை வளையம் ஏறிச் சுருதி இறங்கிவிட்டது. சரிசெய்தாயிற்று. கட்டைப் பக்கம் இருமல் குறைவு.' அடுத்தது. 'மேகமூட்டம். கீழ்த்தட்டு, வாயில் காகிதம். கட்டைப் பக்கம் முழங்கால் வலி. ஏணிப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லியாயிற்று.' அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம். ஆர்கனுக்கு முழங்கால் உண்டா?"

"சுருதி சேர்க்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ளே நின்னு குழலைச் சரிபண்ணுவாரு. இன்னொருத்தர் வெளியே உட்கார்ந்து வாசிக்கிற கட்டையை அழுத்திப் பிடிச்சுக்கணும். உள்ளேயிருந்து 'அடுத்தது'ன்னு குரல் வந்தா அடுத்த கட்டை. கட்டைப் பக்கம்னா அந்த ஆளைச் சொல்றாரு."

"இங்கே யாரு?"

"ஞாயித்துக்கிழமை வாசிக்கிற ஆர்கன் டீச்சர்."

கொழுந்தன் மறுபடி படித்தான். 'கட்டைப் பக்கம் புதுக் கண்ணாடி.' 'கட்டைப் பக்கம் இன்று ஒருமுறை சிரிப்பு.' பன்னிரண்டு வாரக் குறிப்பில் ஆர்கனைப் பற்றி ஒரு வரி இருந்தால் கட்டைப் பக்கத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது.

அண்ணி ஏணிக்கடியில் இருந்த தகர டப்பாவைத் திறந்தாள். சுருதிக்காரரின் டப்பா. கம்பளித் துண்டுகள், சின்னக் கத்தி, தூரிகை. அடியில், மடிப்பு நீக்கி அழகாகத் தட்டையாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு பச்சைக் காகிதங்கள். இருமல் மிட்டாய் சுற்றி வரும் காகிதம்.

"குழல் வாயிலேர்ந்து எடுத்ததா?" என்றான் கொழுந்தன். "சாட்சியத்தை இஸ்திரி போட்டு வச்சிருக்காரே அண்ணி!"

வெளியே ஒரு இருமல் சத்தம் கேட்டது.

ஆர்கன் டீச்சர் கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். புதுக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு கைத்தடி. பாடகர் குழுவைப் பயிற்றுவித்துப் பயிற்றுவித்துத் தொண்டை கரகரத்திருந்தது. துப்பறிய வந்திருக்கிறார்கள் என்றதும் அவள் கை புத்தகத்திலேயே நின்றுவிட்டது.

"ஒரே ஒரு கேள்விதான் டீச்சர்" என்றாள் அண்ணி. "பன்னெண்டு வாரமா ஆர்கன் கெட்டுப்போகுது. வாரா வாரம் நீங்க கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கறீங்க. ஆனா ஞாயித்துக்கிழமை பாட்டுல ஒரு தடவைகூட அபசுரம் வந்ததா யாரும் சொல்லலையே?"

"அது... கெட்ட குழல் தேவைப்படாத பாட்டாப் பார்த்து மாத்திக்குவேன்."

"நல்லது. பாட்டுப் பட்டியலைக் கமிட்டி எப்போ ஒட்டும்?"

"வெள்ளிக்கிழமை."

"வெளியே பலகையில இருக்கிற பன்னெண்டு வாரப் பட்டியலையும் வரும்போதே பார்த்தேன். பாதி வாரம் அடிச்சுத் திருத்தியிருக்கு. குழல் கெட்டதுக்கு அப்புறம் மாத்தியிருக்கீங்க. மீதி ஆறு வாரம் ஒரு திருத்தம்கூட இல்லை. அந்த ஆறு வாரமும் எந்தக் குழல் கெடப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி, அது வராத பாட்டாவே போட்டிருக்கு. அந்த ஆறு வாரமும்தான் வாயில காகிதம்."

டீச்சர் பழக்கதோஷத்தில் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து உறையைப் பிரித்தாள். பச்சைக் காகிதம். பிரித்த பிறகுதான் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"வாயில போட்டுக்குங்க டீச்சர்" என்றான் கொழுந்தன் மெதுவாக. "இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"ரெண்டு வருஷம்" என்றாள் அவள். "புதுப்பிக்கிற வேலை நடந்தப்ப தினமும் கட்டை பிடிச்சேன். அவர் உள்ளே, நான் வெளியே. 'அடுத்தது'ன்னு சொல்வாரு. நடுவுல, 'தொண்டைக்கு வெந்நீர் குடிச்சீங்களா'ன்னு கேப்பாரு. வேலை முடிஞ்சது. தலைவர் ரிப்பன் வெட்டினாரு. அவர் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்னு எழுதிக் கொடுத்திருந்தாரு. அவ்வளவு நல்லா வேலை செஞ்சு தொலைச்சிருக்காரு மனுஷன்!"

"அதனால?"

"ஒரே ஒரு குழல்தானேன்னு அடைச்சேன். அதுக்கு எந்தக் கெடுதலும் வராது. காகிதத்தை எடுத்தா பழையபடி பாடும். ஆனா இதுக்காக ஆர்கனையே கழட்டப் போறாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. நேத்துத்தான் தீர்மானத்தைப் பார்த்தேன். என்னை வேணா வேலையை விட்டு எடுக்கச் சொல்லுங்க. ஆர்கனைக் கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

சொல்லும்போதே கை தானாகக் கட்டைகளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. கொழுந்தன் இரண்டு தடவை செருமினான். ஒரு மிட்டாய் கேட்கலாமா என்று பார்த்தான்.

"பன்னெண்டுக்கும் நீங்கதான் காரணமா?" என்றாள் அண்ணி.

"ஆறு. சத்தியமா ஆறுதான். மத்த ஆறும் தானாக் கெட்டது. நான் ஒரு வாரம் பண்ணினா, அடுத்த வாரம் கடவுள் பண்றாருன்னு நினைச்சுக்கிட்டேன்."

"கடவுளையும் கூட்டுக் களவாணியா சேர்த்துட்டீங்களே டீச்சர்" என்றான் கொழுந்தன். பிறகு அண்ணியைத் தனியே இழுத்தான். "அண்ணி, இது நம்பற மாதிரி இல்லையே. ஆறை ஒத்துக்கிட்டவங்க பன்னெண்டையும் பண்ணியிருப்பாங்க. கணக்கைக் குறைச்சுச் சொல்றாங்க."

"மேல்தட்டுக் குழலுக்கு ஏணி ஏறணும். இவங்க கைத்தடியைப் பார்த்தியா? முழங்கால் வலின்னு கதவுலயே எழுதியிருக்கே."

"அப்போ கடவுள்தானா?"

"கடவுளுக்கு ஏணி எதுக்கு? ஏணி மேல ஏறித் தலை வளையத்தை நகர்த்தத் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல ஒருத்தர்தான். ஒவ்வொரு தடவையும் அவர் காகிதத்தை எடுத்துட்டுப் போன அடுத்த வாரம் மேலே ஒரு வளையம் ஏறியிருக்கு."

கொழுந்தன் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தான். இஸ்திரி போட்ட ஆறு காகிதங்களை நினைத்தான். இருமல் யாருடையது என்று தெரிந்தே ஒவ்வொன்றையும் எடுத்து வைத்திருக்கிறார். ஒன்றைக்கூடக் கமிட்டியிடம் காட்டவில்லை. காட்டினால் காகிதம் நின்றுவிடும். நின்றால் இவருக்கு இங்கே வேலை இல்லை. அதுவும் போதாமல் தன் பங்குக்கு ஒரு வளையம்.

"இவங்க பண்றதைச் சரிபண்ண அவர் வர்றாரு. திரும்பி வர்றதுக்காக அவர் ஒண்ணைக் கெடுத்துட்டுப் போறாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல கமிட்டி பூட்டு வாங்கத் தீர்மானம் போடுது!" சட்டென்று அவனுக்கு வேறொன்று உறைத்தது. "அண்ணி, இது உங்களுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் பிடிபட்டது? உங்க கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் உங்க வீட்டுத் தையல் மெஷினை ரிப்பேர் பண்ண எத்தனை தடவை வந்தான்?"

"ஒன்பது."

"அவ்வளவு மோசமான மெஷினா?"

"இன்னிக்கு வரைக்கும் நல்லா ஓடுது" என்றாள் அண்ணி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அப்போதுதான் சுருதிக்காரர் வந்தார். ஒல்லியான, உயரமான ஆள். குழல்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நிமிர மறந்துபோன முதுகு. பன்னிரண்டாவது பழுதுக்காகக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அண்ணியைப் பார்த்துத் தலையாட்டினார். டீச்சரைப் பார்க்காமல், "தொண்டை எப்படி இருக்கு?" என்று தரையிடம் விசாரித்தார். "பரவாயில்லை" என்று டீச்சர் கட்டைகளிடம் சொன்னாள். அவர் சரேலென்று கதவுக்குள் புகுந்துகொண்டார்.

துருத்தியில் காற்று ஏறும் சத்தம் கேட்டது. ஏணி கிறீச்சிட்டது. டீச்சர் ஒரு கட்டையை அழுத்தினாள். மேலே எங்கோ ஒரு குழல் சுருதி இறங்கி முனகியது. மெல்ல மெல்ல ஏறி, தன் இடத்துக்கு வந்து நின்றது.

"அடுத்தது" என்றது உள்ளிருந்து குரல்.

தலைவர் வாசலில் தலையை நீட்டினார். "மணி மூணரை ஆச்சும்மா. ஆள் கிடைச்சானா?"

"பழுதுக்குக் காரணம் கிடைச்சிடுச்சு" என்றாள் அண்ணி. "டைப் அடிக்காம விட்டீங்களே ஒரு தீர்மானம், அதைப் போய் அடிக்கச் சொல்லுங்க. முடிவை நானே கொண்டுவந்து தர்றேன்."

"அதுல என் படம் வருமா?"

"தாராளமா வரும்" என்று கொழுந்தன் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

அண்ணி ஆர்கனுக்கு அருகில் போய் நின்றாள். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் சேர்த்துக் கேட்கும்படி பேசினாள்.

"சுருதிக்காரரே, நீங்க இறங்கி வர வேண்டாம். முகத்தைப் பார்த்தா உங்களுக்குப் பேச்சு வராதுன்னு தெரியும். டீச்சர், நீங்களும் எழுந்திருக்காதீங்க. கீழ்த்தட்டுல ஆறு குழல் வாயை அடைச்சவங்க வெளியே இருக்காங்க. மேல்தட்டுல ஆறு வளையத்தை ஏத்தினவர் உள்ளே இருக்காரு. ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியணும். அதுக்குத்தான் சொல்றேன்."

டீச்சரின் விரல் கட்டையிலிருந்து நழுவியது. குழல் நின்றது. ஏணியும் கிறீச்சிடவில்லை. துருத்தி மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தது.

"நீங்களா?" என்றாள் டீச்சர், மரச்சுவரைப் பார்த்து.

ஏணி லேசாகக் கிறீச்சிட்டது.

"ஏணி ஏறாதீங்கன்னு என்னைத் திட்டினீங்களே. அது என் முழங்காலுக்காகன்னு நினைச்சேன்."

"அதுக்காகத்தான்" என்றது குரல் அவசரமாக. "அதுக்காக மட்டும்தான்."

"இனிமே இந்த ஆர்கன் கெட்டுப்போகாதுன்னு நான் கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கணும்" என்றாள் அண்ணி. "பொய் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. கெட்டுப்போறதுக்கு இருக்கிற காரணம் இன்னிக்கே தீரணும். இல்லேன்னா இதைக் கழட்டி வண்டியில ஏத்திடுவாங்க. அப்புறம் வெளியே கட்டையும் இருக்காது, உள்ளே ஏணியும் இருக்காது. ரெண்டு வருஷமா 'அடுத்தது, அடுத்தது'ன்னு சொல்றீங்க. அந்த அடுத்தது என்னன்னு இப்பவாவது சொல்லிடுங்க."

கொழுந்தனுக்கு நாக்கு நுனியில் மூன்று ஜோக் வந்து நின்றன. வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றையும் விழுங்கினான்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி விரலால் ஒரு கட்டையை மெல்ல அழுத்தினாள். சற்றுமுன் சரிசெய்த அதே குழல். சுத்தமாக, துளி நடுக்கம் இல்லாமல் அது பாடிக்கொண்டே இருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. அவர் உள்ளேயிருந்து சொல்லும்வரை கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை.

உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஏணி ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. கதவு திறக்கவில்லை. அதன் உட்பக்கத்தில், பென்சில் எழுத்துக்கள் இருக்கும் இடத்திலிருந்து, குழலின் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் வந்தது.

"டீச்சர், எந்தக் குழலும் கெட்டுப்போகாத நாள்லயும் நான் வரலாமா?"